மின்யா உட்காரச் சொன்னால்

பிலிப்பைன்ஸில் எங்கள் பத்தங்காஸ் பக்கம் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அதனால் அங்கே ரகசியம் என்ற ஒன்றும் கிடையாது. நான் பிறந்தபோது அழுத அழுகையில் பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தெரியாமல் கூவிவிட்டதாக என் அப்பா இன்றைக்கும் சொல்வார். அப்படிப்பட்ட என்னை, விமானப் பணிப்பெண் பயிற்சியின் முதல் நாளே மின்யாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்து இனிமையாக ஏதோ சொன்னாள். வணக்கம் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நானும் பல்லைக் காட்டினேன். மறுபடியும் சொன்னாள், மறுபடியும் சிரித்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது, நான் அவள் காலை மிதித்துக்கொண்டிருந்தேன்.

முழுப்பெயர் ஹெர்மினியா பால்மாரெஸ். ஊர் இலோயிலோ. அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டால் பார்க்கிறவர்கள் காதல் என்று நினைப்பார்கள் என்று நாடு முழுக்க ஒரு கிண்டல் உண்டு. மின்யாவுக்கு அது அப்படியே பொருந்தும். வாயைத் திறந்தால் 'பலங்கா'தான். கண்ணு, செல்லம், ராசா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். விமானிக்கும் பலங்கா, கழிவறைக் கதவை உடைத்தவனுக்கும் பலங்கா. என் பெயரைச் சுருக்கி "நிங், பலங்கா" என்று அவள் கூப்பிட்டால், எந்தக் கோபத்தில் இருந்தாலும் எனக்குப் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதியை நான் வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொள்வேன்.

இருபது வருஷம் ஒரே கம்பெனியில் ஒன்றாகப் பறந்தோம். விமானத்தில் வேலை என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: விமானம் விழுந்துவிடும் என்ற பயம் இல்லையா? விமானம் விழுந்து நான் பார்த்ததில்லை. விழுந்ததெல்லாம் வேறு. தலைக்கு மேலே இருக்கிற அலமாரியிலிருந்து பை விழும். காபி ஜக் கவிழும். சாப்பாட்டு வண்டி பிரேக் போடாமல் நின்றால் இறக்கத்தில் உருண்டு வந்து கணுக்காலைப் பதம் பார்க்கும். சளி பிடித்த நாளில் பறந்தால் காதுக்குள் ஊசி குத்தும். ஊருக்குக் கொண்டுபோகிற சாமான் என்று ஆளாளுக்குக் கல்லைக் கட்டி எடுத்து வருவார்கள். "கொஞ்சம் தூக்கி வைங்க மிஸ்" என்று கெஞ்சினால் மனசு கேட்காது, தூக்கி வைப்போம். அன்று ராத்திரி தோள்பட்டை நம்மிடம் கணக்குக் கேட்கும்.

விமானத்தின் பின்பக்கச் சமையல் மூலையில் நின்றபடி சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஆளாளுக்குத் தங்கள் தழும்பைக் காட்ட வேண்டும். என் முன்கையில் அடுப்புத் தட்டு சுட்ட கோடுகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். "கார்ப்பரல் பதவி வாங்கிட்டே, இன்னொன்னு சுட்டுக்கோ, சார்ஜென்ட் ஆயிடலாம்" என்பாள் மின்யா. எங்களோடு இருந்த சின்னப் பெண் கிரிங்குக்கு வண்டிக்கதவில் நசுங்கிய கட்டைவிரல் நகம். மின்யாவிடம் மட்டும் காட்ட ஒன்றும் இருக்காது. "எனக்கு வெளிய ஒண்ணுமில்ல பலங்கா, எல்லாம் முதுகுக்குள்ள இருக்கு" என்று சிரிப்பாள்.

இதில் எல்லாவற்றையும் விட மோசமானது காற்றுக் குலுக்கல். மேகம் கண்ணில் படாது, எச்சரிக்கை வராது. பள்ளத்தில் விழுந்த ஜீப் மாதிரி விமானம் கீழே இறங்கும், கட்டிப் போடாத எல்லாமே மேலே போகும். பெல்ட் போட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. போடாதவன் கூரையில் முட்டிக்கொண்டு வருவான். இதில் எங்கள் பாடுதான் பெரும்பாடு. பயணி நின்றுகொண்டிருந்தால் அவரை உட்கார வைக்காமல் நாங்கள் உட்கார முடியாது. எங்கள் எலும்பு உடையாமல் இருப்பது எங்கள் தொண்டையில் இருக்கிறது. மின்யாவின் தொண்டையைப் பற்றித்தான் சொன்னேனே.

போன புனித வாரத்துக்கு முன்னால், ஹாங்காங்கிலிருந்து மணிலாவுக்கு வந்துகொண்டிருந்தோம். வீட்டு வேலை செய்கிற பெண்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புகிற விமானம். ஒரே சிரிப்பும் சத்தமும். பெல்ட் விளக்கு எரிந்தது. நடுவரிசையில் அலிங் சாயோங் என்ற அம்மா மட்டும் எழுந்து அலமாரியைத் திறந்து தன் பையை இழுத்தார். மின்யா ஓடிப்போய், "உக்காருங்க பலங்கா, ஆபத்து" என்றாள்.

"இருக்கட்டும் தங்கச்சி, உனக்கெதுக்குச் சிரமம், நானே எடுத்துக்கறேன்" என்றார் அந்த அம்மா.

"இல்ல பலங்கா, தயவுசெஞ்சு உக்காருங்க."

"ஐயோ, என்ன மரியாதையான பொண்ணு!" என்று அவர் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் இறங்கியது.

இரண்டு பேரும் மேலே போனார்கள், இரண்டு பேரும் கீழே வந்தார்கள். வந்தபோது அடியில் மின்யா, அவள் மேல் அலிங் சாயோங், அவர் மேல் டின் டின்னாக மாட்டிறைச்சி அடைத்த பை. அந்த அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை. மின்யாவுக்குக் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த வலியிலும் அவள் கத்தவில்லை. "நிங், என் கால் கொஞ்சம் வேற பக்கம் பார்க்குது" என்றாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்கு அலிங் சாயோங் வந்தார். கையில் அதே டின்களில் ஒன்று, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அழுதுகொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ சொன்ன விதத்துல, மரியாதைக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டேம்மா. என் முதலாளியம்மா சொன்னா ஒரு சொல்லுல உக்காந்துடுவேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த டின்னைத் தூக்கி எறிந்திருப்பேன். மின்யாவோ அவர் கையைத் தடவிக்கொடுத்து, போகும்போது பஸ்ஸில் ஜாக்கிரதையாகப் போகச் சொல்லி அனுப்பினாள். டின்னை மட்டும் மறுநாள் இரண்டு பேரும் முட்டையோடு வதக்கிச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

கால் கூடுகிற வரைக்கும் அவளை விமான நிலையத்தில், காணாமல் போன பெட்டிகளுக்கான கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. அந்தக் கவுண்டருக்கு வருகிறவர்கள் யாரையாவது அடிக்க வேண்டும் என்றே வருவார்கள். மின்யா "உங்க பெட்டி எங்கயும் போகாது பலங்கா" என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் பெட்டி கிடைத்த பிறகும் இரண்டு நாள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். கவுண்டரின் மேலதிகாரி மேடம் எஸ்தெலாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இவளை நான் விடமாட்டேன். இவ பறக்கப் பிறந்தவளே இல்ல, இங்க உக்காரப் பிறந்தவ" என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்.

டாக்டர் கால் தேறிவிட்டது என்றார். ஆனாலும் திரும்பப் பறக்க வேண்டுமானால் பாதுகாப்புப் பயிற்சியில் மறுபடி தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் கவுண்டர்தான் நிரந்தரம். மின்யா பறப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதா! விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இருபது வருஷத்துக்குப் பிறகும் அவள் ஊஞ்சலில் ஏறிய குழந்தை மாதிரிதான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கவுண்டரில் நான் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

பயிற்சியாளர் சார் வால்டோ. கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். ஐந்து மணி ஆனால் மட்டும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டார். அவர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் யாரும் மறக்காதது ஒன்று: குலுக்கல் வந்தால் கிட்டத்தில் இருக்கிற இருக்கையில் உட்கார். இருக்கை இல்லையா, தரையில் உட்கார். தரையும் இல்லையா, யார் மடியிலாவது உட்கார். "வெட்கம் நாளைக்குப் போயிடும். இடுப்பு எலும்பு போச்சுன்னா போனதுதான்" என்பார்.

அவருடைய பரீட்சை எளிதானது. மாதிரி விமானத்தின் கடைசியில், மின்விசிறியையும் ரேடியோவையும் சத்தமாகப் போட்டுவிட்டு நிற்பார். நாம் முன்னாலிருந்து உட்காரச் சொல்ல வேண்டும். அவருக்கு உட்காரத் தோன்றினால் தேறினோம்.

மின்யா முதல் தடவை சொன்னாள். சார் வால்டோ அசையவில்லை. "மைக் வேணும்னா எடுத்துக்கோ" என்றார். மைக்கில் சொன்னாள். ரேடியோவில் புதுப் பாட்டு ஆரம்பித்த மாதிரி இருந்தது. வாசலில் காத்திருந்த பயிற்சிப் பெண்களில் ஒருத்தி கண்ணை மூடி ரசித்தாள்.

"மிஸ் பால்மாரெஸ், நீங்க சொன்னதைக் கேட்டா எனக்கு ஒரு காபி குடிக்கலாம்னுதான் தோணுது. உக்காரத் தோணல" என்றார் சார் வால்டோ. இரண்டாவது பரீட்சையிலும் அதே கதை.

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம்தானே குறைச்சல், அதற்கு எங்கள் ஊரைவிட்டால் வேறு பள்ளிக்கூடம் ஏது? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவளைப் பத்தங்காஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீடு முழுக்க ஆட்கள், அண்டா நிறைய எலும்புச் சூப்பு, பல்லைக் கூசவைக்கிற கசப்புக் காபி. என் அம்மா அடுப்படியிலிருந்து "சோறு ஆச்சு!" என்று கூப்பிட்ட சத்தத்தில் மின்யா நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"பார்த்தியா? இதான். இதையே நீ திருப்பிப் போடு" என்றேன்.

என் தம்பி தேபானைக் கொல்லையில் நிறுத்தினோம். கையில் சூப்புக் கிண்ணம். மின்யா அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக்கொண்டு, "தேபான்! உக்காருங்க!" என்றாள்.

தேபான் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டான். "நீங்க முதல்ல உக்காருங்க அக்கா, கால் வலிக்கும்."

என் குடும்பம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. மின்யாவும் சிரித்தாள். பிறகு கடலோரத்துக்குக் கூட்டிப்போய் அலையைப் பார்த்துக் கத்தச் சொன்னேன். கத்தினாள். இருமல்தான் வந்தது. திரும்பி வரும்போது ஜீப்பில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "என் குரல் இப்படித்தான் நிங். அதை மாத்த முடியாதுன்னா விட்டுரு. மேடம் எஸ்தெலாவும் நல்லவங்கதான்" என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன், திட்டு வரவில்லை. எங்கள் குடும்பத்திலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜனவரி மாதம். இலோயிலோவில் தினாக்யாங் திருவிழா. குழந்தை இயேசுவுக்காக ஊரே முகத்தில் சாயம் பூசி, தலையில் இறகு சூடி, முரசு அடித்து ஆடும். மின்யாவின் மூன்றாவது பரீட்சை திருவிழா முடிந்த திங்கட்கிழமை. "எதுவானாலும் முதல்ல என் பையனோட நின்னு முரசு கேக்கணும்" என்று ஊருக்குக் கிளம்பினாள். அவள் மகன் ஜோமர் அங்கே தன் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான்.

அன்றைக்கு நான் அவளைக் கூட்டிப்போகக் கவுண்டருக்குப் போனேன். என் விமானத்தில்தான் அவள் பயணியாக வருகிறாள். அவள் தொலைபேசியில் மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கமான கொஞ்சல் இல்லை. குரல் கீழே, இன்னும் கீழே, தரையோடு தரையாகப் போயிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட்டாள்.

"ஜோமர். பலங்கா. அம்மா ஒரு தடவைதான் சொல்லுவேன். அந்த மோட்டார் சைக்கிள் சாவியை. மேசை மேல. வை."

எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்த காவல்காரர் டக்கென்று ரொட்டியை மேசை மேல் வைத்துவிட்டார்.

"உங்களுக்கு என்னாச்சு அண்ணே?" என்றேன்.

"நானும் இலோயிலோதான் மேடம்" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "எங்க அம்மா இந்தக் குரல்ல பேசினா அடுத்தது செருப்பு பறக்கும்."

சிரித்துவிட்டு மறந்துபோனேன். எனக்கு வேறு கவலை இருந்தது. என் வேலையைச் சோதிக்கச் சார் வால்டோ அதே விமானத்தில் வருவதாகக் காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

விமானமா அது? மணிலாவில் வேலை பார்க்கிற இலோயிலோக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குழாய்க்குள் ஏறியிருந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் இப்போதே சாயம். இறகுக் கிரீடங்கள் அலமாரியில் அடங்காமல் மடியில் இருந்தன. நடுவரிசையில் ஒரு முரசுக்காரர், இரண்டு பேர் அகலம், முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டத் தட்ட மொத்தக் கூட்டமும் "ஹாலா பிரா!" என்று கத்தியது. அவர்கள் ஊரில் திருவிழாக் கூச்சல் அது. சண்டையில் கொஞ்சுகிற ஊர், திருவிழாவில் மட்டும் தொண்டையைத் திறக்கும். மின்யா முன்வரிசையில், நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே மடக்கு இருக்கையில் கிரிங்.

கையில் காபி ஜக்குடன் நான் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். ஜக் நிறையக் கொதிக்கிற காபி. சார் வால்டோ எனக்குப் பின்னால் கைகட்டி நின்று என் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெல்ட் விளக்கு எரிந்தது. கேப்டனின் குரல் அவசரமாக வந்தது. "எல்லாரும் உடனே உட்காரவும். பணியாளர்களும்."

சாதாரணமாகக் கேப்டன் எங்களை உட்காரச் சொல்ல மாட்டார். சொன்னால் விஷயம் பெரிது. எனக்கு முன்னாலும் பின்னாலும் நடைபாதையில் ஆட்கள் கிரீடத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நான் என் பரம்பரைத் தொண்டையை முழுசாகத் திறந்தேன்.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!"

மொத்த விமானமும் கை தூக்கி, "ஹாலா பிரா!" என்று பதில் கத்தியது. நானும் திருவிழாவில் சேர்ந்துகொண்டேன் என்று நினைத்துவிட்டார்கள்! முரசுக்காரர் உற்சாகம் தாங்காமல் இன்னும் பலமாகத் தட்டினார். உட்கார்ந்திருந்த சிலரும் எழுந்துவிட்டார்கள். விமானம் முதல் தடவையாக ஒரு குலுக்கு குலுக்கியது. அதற்கும் ஒரு "ஹாலா பிரா!" ஜக்கின் மூடியிலிருந்து ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. சுட்டது. உடம்பெல்லாம் பயம் ஏறியது. மறுபடியும் கத்தினேன், மறுபடியும் பதில் வந்தது. என் சத்தம் என் காலை வாரிக்கொண்டிருந்தது.

ஆட்களின் தலைகளுக்கு நடுவில் மின்யாவின் முகம் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த ஜக்கைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருபது வருஷத்தில் நான் பார்க்காத ஒன்று வந்தது. பெல்ட்டைக் கழற்றாமலே கையை நீட்டினாள். கிரிங் மைக்கைச் சுருள் வயர் முழுக்க நீளும் வரைக்கும் நீட்டி அவள் கையில் கொடுத்தாள்.

ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது. அப்புறம் அந்தக் குரல். கீழே, தரையோடு தரையாக.

"பலங்கா."

முரசுக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

"நான். ஒரு தடவைதான். சொல்லுவேன். உக்காரு."

படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"செருப்பு. என் கால்லதான். இருக்கு."

அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. விமானம் முழுக்க டபடபவென்று உட்கார்ந்தது. வக்கீல் உட்கார்ந்தார், பாதிரியார் உட்கார்ந்தார், கிரீடம் வைத்தவன் கிரீடத்தைக் கழற்றி மடியில் மறைத்துக்கொண்டான். பெல்ட் மாட்டுகிற சத்தம் மழை மாதிரி முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கேட்டது. பாதை காலியானது. நான் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஜக்கைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கத்துப் பயணிகளும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு விமானம் சடாரென்று கீழே இறங்கியது. ஒரு கிரீடம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பறந்தது அது ஒன்றுதான். எங்கள் குடும்பப் பெயர் திமாயுகாவுக்கு ஆட்ட முடியாதவர்கள் என்று பொருள். அன்றைக்கு என்னை நன்றாகவே ஆட்டியது. ஆனால் காபி சிந்தவில்லை, எலும்பு ஒன்றும் முறியவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்சம் நிதானமானதும் சார் வால்டோ நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் முரசுக்காரரின் மடியில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை கசங்கியிருந்தது. முரசுக்காரர் அவரைத் தன் முரசைக் கட்டிப்பிடிப்பது போல இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

"சார்," என்றேன் தரையிலிருந்தே, "நீங்க உக்காந்துட்டீங்க."

"என் மனைவி இலோயிலோக்காரி" என்றார் சார் வால்டோ. முகம் வெளுத்திருந்தது. "அந்தக் குரல் கேட்டா எனக்குக் கால் தானா மடங்கும். வீட்ல அஞ்சே காலுக்கு மேல போனா அந்தக் குரல்தான் கதவைத் திறக்கும்."

"அப்ப பரீட்சை?"

"எனக்கு உக்காரத் தோணினா தேறினாங்கன்னு சொன்னேனா இல்லையா? இதுக்கு மேல எப்படித் தோணணும்?" என்றார். முரசுக்காரர் மெல்ல, "சத்தம் போடாதீங்க சார், அவங்க காதுல விழப்போகுது" என்று அவர் வாயைப் பொத்தினார்.

இறங்குகிற வரைக்கும் குலுக்கல் விடவில்லை, விளக்கும் அணையவில்லை. சக்கரம் இலோயிலோ மண்ணைத் தொட்டது. எங்கள் ஜனங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் தொட்ட கணமே எழுந்து அலமாரியைத் திறப்பார்கள். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையோடு வாசலில் நிற்பார்கள். அதில் விழுகிற பைதான் எங்கள் தலையில் விழுகிற பை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அது தப்பியதில்லை.

அன்றைக்கு ஒருவரும் எழவில்லை. விமானம் நின்றது. விளக்கு அணைந்தது. கதவு திறந்து வெயில் உள்ளே வந்தது. வெளியே எங்கோ நிஜமான முரசு கேட்டது. அப்போதும் ஒருவரும் எழவில்லை. எல்லாத் தலையும் முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான்தான் எழுந்து மின்யாவிடம் ஓடினேன். அவள் இன்னும் மைக்கைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "உன் கையில கொதிக்கிற காபி இருந்துச்சுடி. நீ நின்னுட்டே இருந்தே. எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல" என்றாள். கண் நிறைந்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். என் கூட்டுக்காரி மறுபடி பறக்கப் போகிறாள். அந்தச் சந்தோஷத்தை மெதுவாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. சார் வால்டோதான், இன்னும் மடியில்.

"மிஸ் பால்மாரெஸ். நான் இப்ப எழுந்திரிக்கலாமா?"

மின்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஓடுபாதையில் சிரிக்கிற அதே சிரிப்பு. மைக்கை வாயருகே கொண்டுபோய், தேன் சொட்டச் சொட்ட, "எழுந்திரிங்க பலங்கா, எல்லாரும் எழுந்திரிங்க" என்றாள்.

பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. எனவே வழக்கம்போல ஒருவரும் கேட்கவில்லை. மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நான்தான் அவள் கையிலிருந்து மைக்கைக்கூட வாங்காமல், "எழுந்திரிங்கய்யா, ஊர் வந்தாச்சு!" என்று கத்தி எல்லாரையும் கிளப்ப வேண்டியிருந்தது.